ஃப்ராவ் மோக்கையா

அக்டோபர் 4, சனி

வந்து சேர்ந்தாயிற்று. ஊரின் பெயர் எனக்கே இன்னும் வாயில் நுழையவில்லை. கிழக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் என்று மட்டும் இருக்கட்டும். விசா இழுத்தடித்ததில் புது மாணவர்களுக்கான அறிமுக வாரம் முடிந்துபோய்விட்டது. விடுதியிலும் இடமில்லை. இணையத்தில் தேடிப் பிடித்த அறை இது. கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. நிமிர்ந்து நடந்தால் மண்டை இடிக்கும்.

வீட்டுக்காரர் ஹெர் வெண்ட், அதாவது திரு வெண்ட், தரைத்தளத்தில் இருக்கிறார். அறுபது வயது இருக்கலாம். ஆங்கிலம் தெரியாது, சிரிக்கவும் தெரியாது. மூன்று சாவிகளைக் கொடுத்தார். வாசலுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, கீழே வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் என்னுடையதற்கு ஒன்று. பெட்டியில் ஒட்ட ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் நீட்டினார். கொட்டை எழுத்தில் சுகப்பிரியா என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒப்பந்தத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், நீளமாக ஏதோ சொன்னார். நான் "யா, யா" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு ஒட்டினார்.

காலையிலிருந்து ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அப்பாவைப் பற்றி மட்டும் எழுத மாட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகம். கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து ஓர் அம்மா, "ஃப்ராவ் மோக்கையா" என்று கூப்பிட்டார். பெண்களை இங்கே ஃப்ராவ் போட்டுத்தான் கூப்பிடுவார்கள், நம்மூர்த் திருமதி மாதிரி. யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். எவளோ பாவம், பெயரே மொக்கையா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை என்னையே பார்த்துக் கூப்பிட்டபோதுதான் உறைத்தது. மூக்கையா. நான்தான்.

பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஓர் எழுத்து இனிஷியல், அதோடு சரி. பள்ளிக்கூடத்தில் அந்த "மூ"வை வைத்தே மூக்கு, மூக்கு என்று ஓட்டினார்கள். கல்லூரியில் இனிஷியலை ஆங்கிலத்தில் போட்டுத் தப்பித்தேன். இங்கே தலைகீழ். என் பெயரை யாரும் கூப்பிடுவதே இல்லை. நகராட்சிப் பதிவில், பல்கலைக்கழகப் படிவத்தில், எங்கே போனாலும் அவர்தான்.

அலுவலக அம்மாவின் பெயர் ஃப்ராவ் லேமன். நன்றாக ஆங்கிலம் பேசுகிறார். மாணவர் அட்டையும் ஒரு ரகசியக் குறியீடும் தபாலில் வருமாம். அந்தக் குறியீட்டைப் போட்டு, அக்டோபர் 24 நண்பகலுக்குள் நான் சேர்க்கையை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

"மின்னஞ்சலில் அனுப்ப முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியாது. பாதுகாப்பு விதி. தபாலில்தான்" என்றார். ஜெர்மனியில் தபால் தவறாது என்றும் சொன்னார். பொதுமக்களைப் பார்ப்பது செவ்வாயும் வியாழனும் மட்டும்.

இடம் போனால் விசாவும் போகும். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அது நடக்கக் கூடாது. அப்பா சொன்னது உண்மையாகிவிடும்.

எழுத மாட்டேன் என்றேன். எழுதித் தொலைக்கிறேன். அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் குரூப் ஃபோர் தேர்வில் பாஸாகி, ஆண்டிபட்டி தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தபோது, தெருமுனையில் என் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார். டெப்போ முழுக்க லட்டு கொடுத்தார். அதே வாரத்தில் இந்தப் படிப்புக்கும் இடம் கிடைத்தது. நான் வேலையில் சேரவில்லை. ஃப்ளெக்ஸை அவரே ஏணி வைத்து ஏறி அவிழ்த்தார். கிளம்பும் அன்று காலையில் வாசலில் நின்று சொன்னார். "கவர்மெண்டு வேலைய எத்திட்டுப் போறவ எம் மக இல்ல. எவன்கிட்டயும் என் பேரச் சொல்லிக்கிட்டுத் திரியாத."

சரி, சொல்லவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

அம்மா வாட்ஸ்அப்பில் பேசினாள்.

"என்னத்தா சாப்ட்ட?"

"சோறும் முட்டையும்."

"குளிரா இருக்கா? அப்பாரு டிவியில பாத்தாகளாம், அங்கிட்டெல்லாம் பனி கொட்டுமாம்ல."

"அவர் கேக்கச் சொன்னாரா?"

"அவுக எங்க கேக்குறாக. நாந்தேன் கேக்குறேன்."

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் பேச ஆரம்பித்ததும் சத்தம் குறைந்தது. பேசி முடிக்கும் வரை அப்படியே இருந்தது. ரிமோட் அம்மாவிடம் இருந்திருக்கும்.

அக்டோபர் 11, சனி

இன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடைக்குப் போய்விட்டு வந்தால், தபால் பெட்டியில் என் சீட்டுக்கு மேல் வேறொரு சீட்டு ஒட்டியிருக்கிறது. மெஷினில் அச்சடித்தது. மூக்கையா என்று மட்டும். வாசல் அழைப்பு மணியிலும் அதே.

யார் கேட்டார்கள்? என் பெட்டி, என் அறை, வாடகை கொடுப்பது நான். இரண்டையும் நகத்தால் சுரண்டிக் கிழித்தேன். கீழே என் பெயர் கொஞ்சம் கசங்கியிருந்தாலும் படிக்கும்படியாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து வெண்ட் வெளியே வந்தார். கிழிந்த சீட்டைப் பார்த்துவிட்டு "நாமெ! நாமெ!" என்று பெட்டியைத் தட்டினார். அது பெயர் என்பது எனக்கே தெரியும். என் பெயரைச் சுட்டிக் காட்டி, "சுகப்பிரியா. மை நேம்" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

துணி துவைக்கும் இயந்திரம் நிலவறையில் இருக்கிறது. எதையோ தப்பாக அழுத்தி, வெள்ளைச் சுடிதார் வெளிர் நீலமாகிவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

தபால் இல்லை. ஃப்ராவ் லேமன் எட்டாம் தேதியே அனுப்பிவிட்டாராம். "பொறுங்கள்" என்றார். இன்ஷூரன்ஸ் அட்டையும் வரவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதுவும் போன வாரமே வந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

இல்லை. மறுபடி அலுவலகம். முதலில் அனுப்பிய குறியீட்டை ரத்து செய்துவிட்டு, புதிதாக ஒன்றை அனுப்புகிறேன் என்றார். "உங்கள் முகவரி சரிதானே, ஃப்ராவ் மோக்கையா?" திரையைத் திருப்பிக் காட்டினார். தெரு, எண், ஊர் எல்லாம் சரி. என் போன் எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

வகுப்பில் எல்லோரும் பாடங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எனக்கு உள்நுழையவே முடியவில்லை. பேராசிரியர் வருகைப் பட்டியலைப் படித்தபோது என் பெயர் இல்லை. சாரி, அப்பா பெயர் இல்லை. கை தூக்கி நிலைமையைச் சொன்னேன். பார்வையாளராக உட்காரலாம் என்று பெருந்தன்மையாக அனுமதித்தார்.

அக்டோபர் 18, சனி

காலையில் ஜன்னலோரம் நின்று காவல் காத்தேன். மஞ்சள் சைக்கிளில் தபால்காரப் பெண் வந்தாள். தடதடவென்று படி இறங்கி ஓடினேன். நான் கீழே போய்ச் சேர்வதற்குள் அவள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டியைத் திறந்தேன். பீட்சா விளம்பரம்.

வெண்ட் தன் பெட்டியிலிருந்து கத்தையாகக் கடிதங்களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். எதற்கு அப்படி அணைக்க வேண்டும்?

சீட்டைக் கிழித்த கோபத்தை மனதில் வைத்திருக்கிறாரோ? எல்லாப் பெட்டிக்கும் அவரிடம் மாற்றுச் சாவி இருக்கும். இருக்காமல் எப்படி? அவர்தானே வீட்டுக்காரர்.

நான் அப்படியெல்லாம் யாரையும் சந்தேகப்படுகிற ஆள் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வகுப்பு இருந்தது. போனேன். வந்தேன். ரவை கிடைத்தது, கேசரி கிண்டினேன். அடி பிடித்துவிட்டது.

அம்மா பேசினாள். "எல்லாம் சரியாத்தேன இருக்கு?" என்றாள். சரியாக இருக்கிறது என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பாரு தாலுகா ஆபீஸுக்குப் போயி, சேர இன்னும் டைம் குடுப்பாகளான்னு கேட்டுட்டு வந்தாக. இந்த மாசக் கடேசி வரைக்கும் பாக்கலாம்னு சொல்லியிருக்காகளாம்" என்றாள்.

"அவர் மக இல்லன்னு சொன்னவருக்கு எதுக்கும்மா இந்த அக்கறை? நான் தோத்துட்டு வருவேன்னு காத்துக்கிட்டு இருக்காரா?"

"ஏண்டி இப்படி எரிஞ்சு விழுற?"

போனை வைத்துவிட்டேன். நல்ல நாள் அதுவுமாக அவளை அழ வைத்திருப்பேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

இல்லை. அலுவலகக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். உடல்நலக் குறைவால் இன்று சந்திப்பு கிடையாது. வியாழக்கிழமை வரவும்.

திரும்பும் வழியில் ஒரு போன் வந்தது. எண் தெரியவில்லை. "ஹலோ" என்றேன். பெண் குரல் ஜெர்மனில் ஏதோ கேட்டது. மறுபடி "ஹலோ, ஹலோ" என்றேன். மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொல்லி வைத்துவிட்டாள்.

அக்டோபர் 22, புதன்

இன்று செய்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

தபால்காரப் பெண் வந்து போனாள். பெட்டி காலி. பார்த்துக்கொண்டே நின்றேன். நேராகப் போய் வெண்ட் கதவைத் தட்டினேன். போனில் ஒரு வாக்கியத்தைத் தட்டி, ஜெர்மனாக்கி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "என் கடிதங்களை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?"

மனிதர் படித்தார். இரண்டாம் முறை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முகம் காதுவரை சிவந்துவிட்டது. என்னைத் தபால் பெட்டிகளிடம் கூட்டிக்கொண்டு போனார். தன் பெட்டியைத் திறந்து காட்டினார். தன் சட்டைப்பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். என் பெட்டியில் இருந்த பெயரை விரலால் குத்திக் குத்தி ஏதோ கத்தினார். நானும் தமிழில் கத்தினேன். "எதுக்குய்யா என் பேரு மேல உனக்கு இவ்ளோ காண்டு?" மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். வெண்ட் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார். அதுதான் என்னவோ போல் இருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை மதியத்தோடு சரி, இடம் போய்விடும், வந்துவிடுவேன், தாலுகா ஆபீஸிலேயே குப்பை கொட்டுகிறேன், உன் புருஷன் சந்தோஷமாக இருக்கட்டும் என்றெல்லாம் சொன்னேன். டிவி சத்தம் இன்று சுத்தமாக இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். ஃப்ராவ் லேமன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கதவைத் திறந்தார். மேஜையில் இரண்டு உறைகள் இருந்தன. இரண்டின் மேலும் மஞ்சள் ஸ்டிக்கர்.

"திரும்பி வந்துவிட்டன. இந்த முகவரியில் மூக்கையா என்று யாரும் இல்லையாம்" என்றார்.

"நான்தான் இருக்கிறேனே."

"உங்கள் தபால் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது?"

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இங்கே தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்த்துப் போட மாட்டார். பெட்டியில் இருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். அந்தப் பெயர் இல்லை என்றால் உங்கள் கதவைக்கூடத் தட்ட மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டுக்காரர் சொல்லவில்லையா?"

சொன்னார். சொன்னதோடு நிற்காமல், ஒட்டியும் வைத்தார். நான்தான் நகத்தால் சுரண்டிக் கிழித்தேன். இதை ஃப்ராவ் லேமனிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்த குறியீடு செல்லாதாம். புதிதாக எடுக்கலாம், ஆனால் தபாலில் அனுப்பினால் திங்கட்கிழமைதான் வரும். கையில் தருவது விதியில் இல்லை.

"நாளை காலை என் மேலதிகாரியிடம் கேட்கிறேன். பதினொரு மணிக்குள் போன் செய்கிறேன்" என்றார். பிறகு கொஞ்சம் கண்டிப்பாக, "போனை எடுத்ததும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். முதல் உறை திரும்பியதைச் சொல்ல, செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்தே அழைத்தேன். ஹலோ, ஹலோ என்று மட்டும் கேட்டது. தவறான எண் என்று வைத்துவிட்டேன்" என்றார்.

இந்த ஊரில் போனை எடுத்தால் குடும்பப் பெயரைத்தான் முதலில் சொல்வார்களாம். ஹலோ என்று மட்டும் சொன்னால் யாரோ எவரோதான்.

வீட்டுக்கு வந்து வெண்ட் கதவைத் தட்டினேன். திறக்க நேரமாயிற்று. இந்த முறை போனில் எதையும் தட்டவில்லை. கை கூப்பினேன். நம்மூர்க் கும்பிடு அவருக்குப் புரியுமா தெரியவில்லை. "என்ட்ஷுல்டிகுங்" என்றேன். மன்னிப்புக்கு இவர்கள் சொல்லும் சொல், பஸ்ஸில் கற்றுக்கொண்டது. அவர் உள்ளே போய், அச்சடித்த புதுச் சீட்டு இரண்டைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே தயாராக வைத்திருந்திருக்கிறார். எப்போதிலிருந்து என்று கேட்கும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியாது.

சீட்டை வாங்கிக்கொண்டு பெட்டி முன்னால் நின்றேன். என் பேரைச் சொல்லாதே என்று அப்பா சொன்னார். சொல்லவில்லை என்று நானும் வீம்பாக இருந்தேன். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறேன், வேறென்ன. இந்த நாட்டில் எனக்கு வேறு பெயர் கிடையாது. அதை ஒளித்தால் நானும் கிடையாது.

ஒட்டினேன். காற்றுக் குமிழ் இல்லாமல் கட்டை விரலால் தேய்த்து ஒட்டினேன். வெண்ட் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு "குட்" என்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

காலையிலிருந்து எதுவும் உள்ளே இறங்கவில்லை. போனை மேஜையில் வைத்து, எதிரே உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பழகினேன். மூக்கையா என்று சொன்னால் ஃப்ராவ் லேமனுக்குப் புரியாமல் போய்விட்டால்? அவர் சொல்கிறபடியே சொல்லிப் பார்த்தேன். மோக்கையா. மோக்கையா. எனக்கே சிரிப்பு வந்தது.

பத்தரை தாண்டியும் போன் வரவில்லை. பயணப் பெட்டியை எப்படி அடுக்குவது, அம்மாவிடம் எப்படிச் சொல்வது, தெருவில் எப்படி நடப்பது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன். பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது.

"மோக்கையா!"

"ஆ, ஃப்ராவ் மோக்கையா. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். கையில் தரலாம் என்று சொல்லிவிட்டார்கள்."

டிராமுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, ஓடினேன். கையெழுத்துப் போட்டேன், குறியீட்டைத் தட்டினேன். திரையில் பச்சை நிறத்தில் உறுதி செய்யப்பட்டது என்று வந்தது. அப்போது பன்னிரண்டு அடிக்கவில்லை. ஃப்ராவ் லேமன் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மேஜையிலேயே கொஞ்சம் அழுதேன்.

வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆற்றுப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. எண் தெரியவில்லை என்று காட்டியது. உயிரே போய்விட்டது. எதையோ தப்பாகப் போட்டிருக்கிறேன், ஃப்ராவ் லேமன் திரும்பக் கூப்பிடுகிறார், எல்லாம் ரத்து என்று சொல்லப் போகிறார். எடுத்தேன்.

"மோக்கையா."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. இந்த ஊரில் யாரும் அப்படி ஹாரன் அடிப்பதில்லை.

"யாரு பேரச் சொன்ன?"

அப்பா. அவரிடம் இருப்பது பட்டன் போன். அதிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியும் என்றே நான் நினைத்ததில்லை.

"உங்க பேருதான்ப்பா."

"என்னத்துக்கு?"

"இங்க போன எடுத்தா குடும்பப் பேரத்தான் சொல்லணும். எங்கிட்ட இருக்கறது உங்க பேருதான். இதச் சொன்னாத்தான் தபால் வருது, இதச் சொன்னாத்தான் படிக்க சீட்டு."

"ம்." இருமினார். "சீட்டு என்னாச்சு?"

"கெடச்சிருச்சுப்பா. இப்பத்தான் சேந்துட்டு வாரேன்."

கைத்துண்டால் முகத்தைத் துடைக்கிற சத்தம் போலக் கேட்டது. டெப்போ வாசலில் நின்று பேசுகிறார் போலிருக்கிறது. யாரோ "என்னண்ணே, யாரு போன்ல?" என்று கேட்டார்கள். "எம் மக. ஜெர்மனியில இருந்து" என்றார்.

நான் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்கன எல்லாருமே அப்படித்தேன் சொல்றாய்ங்களா? மோக்கையான்னு?"

"ஆமாப்பா. எல்லாரும்."

"நீயுமா? அவய்ங்களுக்குத்தேன் தெரியல, நீ சொல்லிக் குடுக்க மாட்டியா? மூக்கையா. எங்க, சொல்லு பாப்போம்."

சைக்கிளில் போன இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூக்கையா."

"தெம்பாச் சொல்லு."

"மூக்கையா."

"ஆங், அப்படிச் சொல்லு. எவன் கேட்டாலும் அப்படியே சொல்லு."